திறனாய்வுக் கட்டுரை எங்கே இடறுகிறது? அறிகுறி பார்த்துத் திருத்த ஒரு வழி

கதையைப் படித்திருக்கிறீர்கள், புரிந்தும் இருக்கிறது. இரண்டு பக்கம் எழுதியும் கொடுத்தீர்கள். தாள் திரும்பி வரும்போது ஓரத்தில் சிவப்பு மையில் "ஆய்வு போதவில்லை" என்று மட்டும் இருக்கிறது. இந்த ஒரு குறிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? காய்ச்சல் என்று மட்டும் சொல்லி மருந்து கேட்பதுபோலத்தான். காரணம் வேறு வேறாக இருக்கும்.

கோலாலம்பூர் செந்தூலில் நான் தமிழ் இலக்கியம் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அதை எஸ்.பி.எம்.மில், அதாவது மலேசியாவின் ஐந்தாம் படிவ அரசுத் தேர்வில், கூடுதல் பாடமாக எடுப்பவர்கள். 2010இல் எஸ்.பி.எம். பாடங்களுக்குப் பத்து என்று வரம்பு வந்தபோது, நம்மவர்கள் குரல் கொடுத்த பிறகே தமிழையும் தமிழ் இலக்கியத்தையும் அதற்குமேல் எடுக்க வழி பிறந்தது. பலருக்கு இந்தப் பாடம் பள்ளி முடிந்த பிறகோ சனிக்கிழமைக் காலையிலோதான் நடக்கிறது. அப்படியும் எடுக்கிறார்கள் என்றால் ஆர்வம் இல்லாமல் இல்லை. வாயால் கேட்டால் நன்றாகவே சொல்கிறார்கள். கோளாறு தாளில்தான்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. உங்கள் கட்டுரையையும் ஒரு பென்சிலையும் எடுங்கள். அதே கதையைப் படித்த இன்னொருவர் "இல்லையே, எனக்கு அப்படித் தோன்றவில்லையே" என்று மறுக்கக்கூடிய வாக்கியங்களுக்கு அடிக்கோடிடுங்கள். "பாட்டி வண்டியில் ஏறினார்" என்பதை யாரும் மறுக்க முடியாது, அதற்குக் கோடு கிடையாது. அப்புறம், மூலத்திலிருந்து அப்படியே எடுத்த சொற்களை வட்டமிடுங்கள்.

கோடும் இல்லை, வட்டமும் இல்லை என்றால் நீங்கள் கதை சொல்லியிருக்கிறீர்கள். கோடு மட்டும் இருந்தால் கருத்து இருக்கிறது, சான்று இல்லை. வட்டம் மட்டும் இருந்தால் மேற்கோளைக் கொட்டிவிட்டு நகர்ந்திருக்கிறீர்கள். இரண்டும் இருந்து, ஒன்று முதல் பக்கத்திலும் மற்றது மூன்றாம் பக்கத்திலும் கிடந்தால் பாதி வேலை முடிந்துவிட்டது, பக்கத்தில் கொண்டுவந்து வைத்தால் போதும். இனி உங்கள் அறிகுறி எதுவோ அதற்கு நேரே போங்கள்.

அறிகுறி: "கதையைத் திரும்பச் சொல்லியிருக்கிறாய்" என்று எழுதி வருகிறது

இதுதான் அதிகம் வருவது. உறுதி செய்ய, பத்திகளின் முதல் சொற்களை மட்டும் பாருங்கள். முதலில், பிறகு, அதன்பின், இதற்கிடையில், இறுதியாக என்று போகிறதா? கட்டுரை கதையின் காலவரிசையில் ஓடுகிறது. திருத்துபவருக்குக் கதை தெரியாது என்று உள்ளூர ஒரு நினைப்பு. அவர் உங்களுக்கு முன்னால் அதே கதையைப் பல தாள்களில் படித்துவிட்டுத்தான் உங்கள் தாளை எடுக்கிறார்.

வகுப்பில் பழகுவதற்காக நானே கட்டிய ஒரு சின்னக் கதை இது. தோட்டத்தை விற்றுவிட்டார்கள், வீடமைப்புத் திட்டம் வரப்போகிறது. தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீட்டைக் காலி செய்யும் நாள். லாரி வந்து நிற்கிறது. பாட்டி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. பின்கட்டுக்குப் போய் டிரம்மில் தண்ணீர் பிடித்து நிரப்புகிறாள். "நாளைக்கு இடிக்கப்போற வீட்டுக்கு எதுக்குப் பாட்டி தண்ணி?" என்கிறான் பேரன். அவள் பதில் சொல்லாமல் டிரம்முக்கு மூடியைத் தேடுகிறாள். அவ்வளவுதான் கதை.

இதற்கு வழக்கமாக வரும் விடை: "முதலில் லாரி வருகிறது. பிறகு பாட்டி தண்ணீர் நிரப்புகிறார். அதன்பின் பேரன் கேள்வி கேட்கிறான். இதன்மூலம் பாட்டி தம் வீட்டின்மீது அன்பு கொண்டவர் என்பது தெரிய வருகிறது." கடைசி வாக்கியம் மட்டும் ஆய்வுபோல இருக்கிறது. ஆனால் அதைக் கதையைப் படிக்காமலேயே எழுதிவிடலாம். வீட்டைவிட்டுப் போகும் எந்தப் பாட்டிக்கும் அது பொருந்தும்.

சரி, இதை எப்படிச் சரிசெய்வது? ஒரு நிகழ்ச்சியை மட்டும் பிடித்துக்கொண்டு மூன்று கேள்வி கேளுங்கள். இதை எடுத்துவிட்டால் கதையில் என்ன குறையும்? இதற்குப் பதில் எழுத்தாளர் வேறென்ன செய்திருக்கலாம்? ஏன் இந்த இடத்தில் வைத்தார்? பாட்டி அழுதிருக்கலாம், வாசற்படியைத் தொட்டுக் கும்பிட்டிருக்கலாம். இரண்டையும் விட்டுவிட்டு ஒரு தினசரி வேலையைச் செய்கிறாள். வீட்டில் யாரோ மாலையில் திரும்பி வந்து கைகால் கழுவப் போவதுபோல.

மூடியைப் பற்றிக் கேட்டபோது ஒரு பையன், "டெங்கி கொசு வராம இருக்க டீச்சர்" என்றான். வகுப்பே சிரித்தது. சிரிக்க வேண்டியதில்லை, அவன் சரியான இடத்தில்தான் கையை வைத்தான். தண்ணீரை மூடி வைப்பது நாளைக்கு அதைப் புழங்கப் போகிறவர் செய்யும் வேலை. நாளை அந்த வீடே இல்லை. அப்படியென்றால் இப்படி எழுதலாம்: "பாட்டி வெளியேற்றத்தை வாயால் ஏற்கிறாள், கையால் ஏற்கவில்லை. லாரி வந்ததும் அவள் மறுத்து எதுவும் பேசாதது முதலாவதைக் காட்டுகிறது. இடிபடப்போகும் வீட்டில் நிரப்பிய தண்ணீருக்கு மூடி தேடுவது இரண்டாவதைக் காட்டுகிறது." முதல் வாக்கியத்தை ஒருவர் மறுக்கலாம். வயதானவர், பழக்கத்தில் செய்கிறார், வேறொன்றும் இல்லை என்று வாதிடலாம். மறுக்க இடம் இருக்கிறது என்பதே நீங்கள் ஏதோ சொல்லியிருக்கிறீர்கள் என்பதற்கு அடையாளம்.

கவனித்தீர்களா, இதில் லாரியும் வருகிறது, தண்ணீரும் வருகிறது. கதைச் செய்தி எதுவும் விடுபடவில்லை. நிகழ்ச்சி முன்னால் நடந்து கருத்து வாலாக வந்த நிலை மாறி, கருத்து முன்னால் வந்து நிகழ்ச்சி அதற்குச் சாட்சி சொல்கிறது.

அறிகுறி: உவமை, எதுகை, மோனை எல்லாம் கண்டுபிடித்தும் மதிப்பெண் ஏறவில்லை

கவிதைக் கேள்விகளில் இது வரும். சோதனை எளிது. நீங்கள் எழுதிய வாக்கியத்தை எடுத்து வேறொரு பாட்டுக்குக் கீழே ஒட்டிப் பாருங்கள். அங்கேயும் பொருந்தினால் அந்த வாக்கியம் இந்தப் பாட்டைப் பற்றியது அல்ல.

குறுந்தொகை 25ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். கபிலர் பாடியது, குறிஞ்சித் திணை. திருமணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறான் தலைவன், தலைவி தோழியிடம் சொல்கிறாள்:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

அன்றைக்கு அங்கே யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே சொன்ன சொல் பொய்யானால் நான் என்ன செய்வேன்? அவன் என்னோடு கூடிய அன்று ஒரு குருகும் இருந்தது. தினையின் தாளைப்போலச் சிறிய, பசுமையான கால்கள் அதற்கு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாணவர் விடை: "இப்பாடலில் உவமையணி பயின்று வந்துள்ளது. குருகின் காலுக்குத் தினைத்தாள் உவமையாகக் கூறப்பட்டுள்ளது. இது பாடலுக்கு மேலும் அழகு சேர்க்கிறது." முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது, உலகத்தில் உள்ள எந்தப் பாட்டுக்கும் ஒட்டும். உவமை என்ன வேலை செய்கிறது என்று சொல்லும் முன்னரே விடை முடிந்துபோனது.

பாட்டுக்குத் திரும்புங்கள். எது இடிக்கிறது? "யாரும் இல்லை" என்று தொடங்கியவள் கடைசி அடியில் "குருகும் உண்டு" என்கிறாள். இல்லை என்று சொல்லிவிட்டு ஏன் உண்டு என்கிறாள்? அவளுக்கு ஒரு சாட்சி வேண்டும். தேடித் தேடிக் கிடைத்தது ஒரு பறவை. அதுவும் இவர்களைப் பார்க்கவில்லை, மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்திருந்தாலும் அதற்கு வாய் கிடையாது. சாட்சி உண்டு என்று சொல்வதாலேயே சாட்சி இல்லாத நிலை இன்னும் கூடுகிறது.

இப்போது உவமைக்கு வாருங்கள். வாழ்க்கையையே தீர்மானித்த ஒரு நாளில், அந்தப் பறவையின் கால் எவ்வளவு மெல்லியது, என்ன நிறம் என்பதுவரை இவளுக்கு நினைவிருக்கிறது. அவ்வளவு நுணுக்கமாக நினைவு வைத்திருப்பவள் பொய் சொல்லவில்லை என்று நமக்குப் படுகிறது. ஊர் நம்பாவிட்டாலும் பாட்டைப் படிப்பவர் நம்புகிறார். தினைத்தாள் என்ற உவமை செய்யும் வேலை அது. இதை எழுதினால் மதிப்பெண் வரும்.

இன்னொரு மாணவி, குருகே தலைவன்தான் என்றாள். அசையாமல் நின்று, வேண்டியது கிடைத்ததும் பறந்துவிடும் பறவை. பாட்டில் பறந்ததாக இல்லையே என்று கேட்டேன். "அதான் டீச்சர், இன்னும் பறக்கல. பறந்துடுமோன்னு பயம்." இரண்டு விளக்கமும் நிற்கும். ஒரே விடையில் இரண்டையும் போட்டுக் குழப்பாமல் ஒன்றை எடுத்து நிறுவினால் சரி.

குருகைக் கண்ணால் பார்க்காமல் இதை எழுதுவது கஷ்டம். செந்தூலிலிருந்து எல்.ஆர்.டி. ரயிலில் மஸ்ஜித் ஜாமெக் நிலையத்துக்கு வரும்போது கீழே ஆற்றைப் பாருங்கள். சில நாள் கான்கிரீட் ஓரத்தில் ஒரு கொக்கு அசையாமல் நிற்கும். அது எதைப் பார்க்கிறது, எதைக் கண்டுகொள்ளவில்லை என்று ஒரு நிமிடம் கவனித்தால் நான்காம் அடி தானாகப் புரியும்.

ஓர் எச்சரிக்கை. அந்த நான்காம் அடி மற்ற அடிகளைவிடச் சின்னது, மூன்றே சீர். உடனே "பறவை மீனுக்குக் காத்திருப்பதைக் காட்டக் கபிலர் அடியைச் சுருக்கினார்" என்று எழுதத் தோன்றும். வேண்டாம். இந்தப் பாட்டு நேரிசை ஆசிரியப்பா, அதில் ஈற்றயலடி, அதாவது கடைசி அடிக்கு முந்தைய அடி, எப்போதுமே மூன்று சீர்தான். யாப்பு கேட்பதைக் கவிஞரின் தனி உத்தியாகக் காட்டினால், விஷயம் தெரிந்த ஆசிரியர் அந்த இடத்திலேயே பேனாவை வைப்பார். கவிஞருக்குத் தெரிவு இருந்த இடத்தில்தான் "ஏன் இப்படி?" என்று கேட்க முடியும்.

அறிகுறி: அருமை, அழகு, சிறப்பு, நயம்

இந்தச் சொற்களை அடித்துவிட்டுப் படியுங்கள். பத்தியில் எதுவும் குறையவில்லை என்றால் அவை இருந்தும் ஒன்றும் சொல்லவில்லை. "ஆசிரியர் மிக அழகாகக் காட்டியுள்ளார்" என்ற இடத்தில், எதைக் காட்டினார், எதைக் காட்டாமல் விட்டார் என்று எழுதுங்கள். புகழ்வது நம் வழக்கம், மேடையில் பேசிப் பழகிய நாக்கு. திறனாய்வுக் கேள்வி அதைக் கேட்கவில்லை.

அறிகுறி: கட்டுரை நன்னெறித் தாள் மாதிரி முடிகிறது

"எனவே நாம் முதியோரை மதித்துப் போற்ற வேண்டும்." பாட்டிக் கதைக்கு இப்படி முடித்த தாள்கள் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். கதைக்குக் கீழே படிப்பினை எழுதச் சொல்லித் தொடக்கப்பள்ளியிலிருந்து பழக்கியிருக்கிறோம், நன்னெறிக் கல்விப் பாடமும் கூடவே வருகிறது. கை தானாக அங்கே போகிறது.

"வேண்டும்" என்று முடியும் வாக்கியங்களைத் தேடுங்கள். அதில் எழுவாய் "நாம்" என்றோ "மாணவர்கள்" என்றோ இருந்தால் கதையைவிட்டு வெளியே வந்துவிட்டீர்கள். எழுவாயை மாற்றுங்கள்: கதை, எழுத்தாளர், பாத்திரம், இந்தக் காட்சி. "நாம் முதியோரை மதிக்க வேண்டும்" என்பது "பேரனின் கேள்விக்குப் பதிலே கொடுக்காமல், அவனுக்கு இது புரியாது என்பதைக் கதை காட்டுகிறது" என்று ஆகும். சொல்ல வந்த ஆதங்கம் அதில் இருக்கிறது, அறிவுரை மட்டும் போய்விட்டது. கேள்வியே படிப்பினையைக் கேட்டால் தாராளமாக எழுதுங்கள், அது வேறு.

அறிகுறி: மேற்கோள் நிறைய இருந்தும் "விளக்கம் இல்லை" என்கிறார்கள்

ஐந்து அடியையும் முழுதாக எழுதிவிட்டு "என்ற அடிகள் இதை உணர்த்துகின்றன" என்று முடித்திருப்பீர்கள். எந்தச் சொல் உணர்த்துகிறது? அதைச் சொல்லாதவரை ஆய்வைத் திருத்துபவர் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று பொருள். மேற்கோளைச் சின்னதாக்குங்கள். "ஆரல் பார்க்கும்" என்ற இரண்டு சொல் போதும், ஐந்து அடி தேவையில்லை. மேற்கோள் சுருங்கினால் விளக்கம் எழுதாமல் தப்பிக்க முடியாது. நாவல், நாடகம் என்றால் வரி மனப்பாடமாக இருக்காது, பரவாயில்லை. மூடி, டிரம், பதில் சொல்லாத வாய் என்று கதைக்குள் இருக்கும் பொருளும் செயலும்கூடச் சான்றுதான்.

அறிகுறி: நோட்ஸ் முழுக்க மனப்பாடம், கேள்வி கொஞ்சம் மாறினால் கை நின்றுவிடுகிறது

கரு, துணைக்கரு, பாத்திரப்படைப்பு, பின்னணி, மொழிநடை என்று வரிசையாகப் பிரித்துக் கொடுத்த நோட்ஸை நான் வெறுப்பவள் அல்ல. பரீட்சைக்கு முந்தின வாரம் அது இல்லாமல் முடியாது. சிக்கல் என்னவென்றால், "பாட்டியின் மௌனம் கதைக்கு எவ்வாறு துணை செய்கிறது?" என்று கேட்டால், பிள்ளை "பாட்டியின் பண்புகள்" என்ற பக்கத்தை அப்படியே இறக்கிவைக்கிறது. பாசமிக்கவர், உழைப்பாளி, பொறுமைசாலி. மௌனம் எங்கே?

கேள்வித்தாளில் இரண்டு இடத்தை வட்டமிடுங்கள். ஒன்று, எதைப் பற்றி என்ற சொல், இங்கே மௌனம். அது உங்கள் ஒவ்வொரு பத்தியிலும் ஒருமுறையாவது வர வேண்டும். வரவில்லையென்றால் அந்தப் பத்தி வழிமாறிவிட்டது. இன்னொன்று, என்ன செய்யச் சொல்கிறார்கள் என்ற வினை. விளக்குக என்றால் ஒன்றை எடுத்துச் சான்றோடு விரிக்க வேண்டும். ஒப்பிடுக என்றால் இரண்டையும் ஒரே பத்தியில் எதிரெதிரே வைக்க வேண்டும், அரைப்பக்கம் இது, அரைப்பக்கம் அது என்று பிரித்து எழுதினால் ஒப்பீடு நடக்கவே இல்லை. மதிப்பிடுக என்றால் உங்கள் தீர்ப்பு வேண்டும், எதிர்த்தரப்பையும் ஒரு வரியாவது தொட வேண்டும்.

அறிகுறி: வெற்றுத்தாள்

"பேசச் சொன்னா பேசிடுவேன் டீச்சர். எழுத உக்காந்தா ஒன்னுமே வரல."

"சரிம்மா, எழுதாத. உன் கூட்டாளிக்கு வாட்ஸ்அப்ல வாய்ஸ் அனுப்பு. அந்தப் பாட்டி ஏன் மூடி தேடுச்சுன்னு சொல்லு."

அவள் அனுப்பியது ஏறக்குறைய இப்படி: "பாட்டி ஓகேன்னு சும்மா ஆக்ட் பண்ணுதுடி. மனசு இல்லலா அதுக்கு. போறவங்க யாராச்சும் தண்ணி மூடி வைப்பாங்களா?" இதைவிட நல்ல ஆய்வு வாக்கியத்தை நான் கேட்கவில்லை. கருத்து இருக்கிறது, சான்று இருக்கிறது, எதிர்க்கேள்வி போட்டு நிறுவவும் செய்கிறாள். தாளில் இது "பாட்டி சம்மதித்ததுபோல நடிக்கிறாள், மனம் ஒப்பவில்லை. வீட்டைவிட்டுப் போகிறவர் தண்ணீரை மூடி வைப்பதில்லை" என்று ஆனது. இரண்டே வாக்கியம், கட்டுரைத் தமிழ். தேசிய இடைநிலைப்பள்ளியில் நாள் முழுக்க மலாயும் ஆங்கிலமும் பேசிவிட்டு மாலையில் தமிழில் எழுத உட்காரும் பிள்ளைக்கு, யோசிப்பதையும் செந்தமிழாக்குவதையும் ஒரே நேரத்தில் செய்யச் சொன்னால் கை நிற்கத்தான் செய்யும். முதலில் பேசட்டும், மொழியை அப்புறம் கழுவி எடுக்கலாம்.

பேசவும் வரவில்லை என்றால் கோளாறு எழுத்தில் இல்லை, படிப்பில். கட்டுரையை ஓரமாக வைத்துவிட்டு மூலத்தை இன்னொருமுறை படியுங்கள். பழம்பாட்டு என்றால் உரையோடு படியுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அறிகுறி: முன்னுரைக்கே அரைப்பக்கம்

"இலக்கியம் என்பது காலத்தைக் காட்டும் கண்ணாடி ஆகும்" என்ற வரியில் தொடங்கியிருக்கிறீர்களா? வெட்டுங்கள். கேள்விக்கு உங்கள் பதில் என்ன என்பதை இரண்டு வாக்கியத்தில் சொன்னால் அதுவே முன்னுரை. எழுதி முடித்த பிறகு முன்னுரையைத் திருத்துவது இன்னும் நல்லது, அதற்குள் உங்கள் பதிலே மாறியிருக்கும்.

அறிகுறி: நேரம் போதவில்லை

எழுதும் வேகம் காரணமாக இருப்பது அபூர்வம். முன்னுரை, கதைச் சுருக்கம், நீள மேற்கோள் மூன்றும் சேர்ந்து நேரத்தைத் தின்றிருக்கும். மேலே சொன்னபடி அவற்றைக் குறைத்தும் போதாவிட்டால், எழுதத் தொடங்கும் முன் மூன்று கருத்தை ஓரத்தில் குறித்துக்கொண்டு, வலுவானதை முதலில் எழுதுங்கள். பாதியில் மணி அடித்தாலும் நல்லது உள்ளே போயிருக்கும்.

இதெல்லாம் பார்த்தும் "ஆய்வு போதவில்லை" என்றே வருகிறது, எந்த இடத்தில் என்று தெரியவில்லை என்றால், ஆசிரியரிடம் முழுத் தாளையும் நீட்டி "எப்படி எழுதணும்?" என்று கேட்காதீர்கள். அவருக்கும் பதில் சொல்ல வராது. ஒரு பத்தியைக் காட்டி, "சார், இந்த வாக்கியத்துக்கு அப்புறம் நீங்க என்ன எதிர்பார்த்தீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை அங்கேயே ஓரத்தில் குறித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து அந்தப் பத்தியை மட்டும் திருப்பி எழுதுங்கள். முழுக் கட்டுரையையும் மறுபடி எழுத வேண்டாம்.